கோப்பையின் அடிப்பக்கம்

தம்பி,

கல்யாணக் கார்டின் படத்தை நீ அனுப்பி இன்றோடு ஐந்து நாள். "வடிவா இருக்கெண்டா ஓம் எண்டு மட்டும் போடுங்கோ அம்மா, அச்சடிக்கிறவர் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்று எழுதியிருந்தாய். நான் இன்னும் ஓம் போடவில்லை. இரண்டு தரம் போன் எடுத்தாய். இரண்டு தரமும் நான் தொடங்க முதலே "மீட்டிங் அம்மா, பேந்து கதைப்பம்" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆறாம் வகுப்பு வரைக்கும் போனவன், என்னைவிட ஒரு வகுப்புக் கூட. எழுத்துக்கூட்டியாவது கடைசி வரைக்கும் வாசி.

கார்டு வடிவுதான். மேலே பிள்ளையார், பொன்னிறக் கரை, உன் பெயரும் மதுராவின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். அப்பாவின் பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டிருக்கிறாய். அந்த ஒரு சொல்லைத் தாண்டிக் கீழே போக எனக்கு ஒரு நாள் எடுத்தது. மறுநாள்தான் பெயருக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை வாசித்தேன். முன்னாள் உணவக உரிமையாளர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தேன். அப்பா பத்தொன்பது வருஷம் ஒரு இத்தாலி ரெஸ்டோரண்டின் குசினியில் சனம் சாப்பிட்ட கோப்பை கழுவினார். அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மற்ற ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான். அதனால் உன்னைக் கோபிக்கிறேன் என்று நினையாதே. கோபிக்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாசி மாதம் அந்தச் சனிக்கிழமை நீ என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து எனக்கு நெஞ்சு அடைத்தபடியே இருக்கிறது. டொக்டர் பிரஷர் என்கிறார். பிரஷர் இல்லை.

மதுராவின் தாயும் தகப்பனும் ரொறொன்ரோவிலிருந்து வருகினம், நல்ல இடமொன்றில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு கல்யாணக் காரியம் கதைப்பம் என்றாய். அப்பா போய் ஒரு வருஷமாகவில்லை, ஆட்டைத் திவசம் முடியாமல் நான் எப்படி விருந்துக்கு வருவது என்று கேட்டேன். "விருந்தில்லை அம்மா, டின்னர்" என்றாய். அந்த வித்தியாசம் எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் வந்தேன். வாசலிலேயே ஒரு பெட்டை "பொன்சுவார் மடாம்" என்று சொல்லி என் கோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மொன்றியலில் மாசி மாதத்தில் ஒருத்தியின் கோட்டை வாங்கி வைத்துவிட்டால் அவளால் எங்கேயும் ஓட முடியாது. என் மாத்திரையும் பஸ் கார்டும் வீட்டுக் கதவுத் திறப்பும் அதற்குள்தான் இருந்தன. பிறகு சுவரோடு ஒட்டின நீட்டுக் கதிரை. "அக்கா நடுவில இருங்கோ, நீங்கள்தான் பெரிய ஆள்" என்றார் மதுராவின் தகப்பன். வெயிட்டர் மேசையை வெளியே இழுத்து, என்னை உள்ளே விட்டு, அலுமாரி லாச்சியைச் சாத்துகிற மாதிரி மேசையை என் வயிற்றோடு தள்ளிச் சாத்தினான். இடப்பக்கம் மதுராவின் தாய், வலப்பக்கம் மதுரா, பின்னால் சுவர், முன்னால் வெள்ளை விரிப்பும் மெழுகுதிரியும் ஒவ்வொருவருக்கும் மூன்று மூன்று கிளாசும். எதிரே நீயும் மதுராவின் தகப்பனும்.

பிறகுதான் அவர் அந்தத் தோல் அட்டைப் புத்தகத்தை விரித்து என் கையில் தந்தார். "அக்கா, இண்டைக்கு ஓடர் குடுக்கிறது நீங்கள். அண்ணை இத்தாலிக் கடை வைச்சிருந்தவர் எண்டு தம்பி சொன்னவர். அதுக்காகத்தான் இந்த இடத்தைத் தேடிப் பிடிச்சனாங்கள். நாங்கள் ரொறொன்ரோவில பிட்சாவைத் தவிர வேற ஒண்டும் அறியாத ஆக்கள்."

மதுராவின் தாய் சொன்னா, "ஓமக்கா, இருந்திருந்தா அவரெல்லோ இண்டைக்கு எங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்."

நான் உன்னைப் பார்த்தேன். ஒரு சொல் நீ சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குக் கண் தெரியேல்லை, நான் சொல்லுறன் என்றாவது சொல்லியிருக்கலாம். நீ தண்ணீர் குடித்தாய். மேசைக்குக் கீழே உன் சப்பாத்து என் காலை ஒருக்கால் அமத்தியது. அது எனக்கு விளங்கியது, ஏனென்றால் அந்தப் பாஷையை உனக்குப் பழக்கினவள் நான்.

உனக்கு அப்போது எட்டு வயது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா "அப்பா என்ன வேலையடா குஞ்சு?" என்று கேட்க, நீ சிரித்துக்கொண்டு, "கோப்பை கழுவுறவர். ஒரே நேரத்தில நாப்பது கோப்பை!" என்று கையை விரித்துக் காட்டினாய். உனக்கு அது பெரிய வீரம். எனக்கு முகம் எரிந்தது. என் தங்கச்சிக்கு அப்போது ஊரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். அத்தான் கனடாவில் சொந்தமாக ரெஸ்டோரண்ட் வைத்திருக்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு நான்தான் எழுதியிருந்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் மெட்ரோவுக்குள் வைத்து உன் தொடையில் கிள்ளினேன். "ஆர் கேட்டாலும் அப்பா கடை வைச்சிருக்கிறார் எண்டு சொல்ல வேணும், விளங்கினதே?" என்றேன். "அப்பாதானே சொன்னவர் கழுவுறன் எண்டு" என்று அழுதாய். இன்னொருதரம் கிள்ளினேன். அன்றைக்குப் பிறகு நீ ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லை. நல்ல பிள்ளை.

சரி, மேசைக்கு வருகிறேன். அந்தப் புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூட எனக்குத் தெரிந்ததாக இல்லை. டோர்வலில் விமானத்துச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கினவள் நான், அங்கே படத்தைப் பார்த்து அடுக்கினால் போதும். இதில் படமும் இல்லை. அப்போது அப்பா சொல்கிறது ஞாபகம் வந்தது. அப்பா அந்த ரெஸ்டோரண்டின் சாப்பாட்டை முன்பக்கத்தால் கண்டதில்லை. சாப்பிட்டு முடிந்து திரும்பி வருவதைத்தான் கண்டார். கையில் தேங்காயெண்ணெய் பூசிவிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குச் சொல்லுவார். "இஞ்சேரப்பா, சோறு மாதிரிக் குழைச்ச ஒண்டு இருக்கு. ஆறினா சீமெந்து. உரஞ்சி உரஞ்சித் தோள்மூட்டே கழண்டு போகுது. ஆனா எலும்போட போற ஒண்டு இருக்கு, அதைக் கழுவவே தேவையில்லை. பாணால வழிச்சுத் துடைச்சு அனுப்பிவிடுவாங்கள். நடுவில ஓட்டை போட்ட எலும்பு மட்டும் கிடக்கும், ஓட்டைக்குள்ள இருந்ததும் இராது." அவர் கணக்கில் வெறுமையாக வருகிற கோப்பைதான் நல்ல சாப்பாடு.

நான் புத்தகத்தை மூடினேன். "எலும்போட வாறது ஒண்டு இருக்கும். நடுவில ஓட்டை எலும்பு. அதுதான் திறம். எல்லாருக்கும் அதையே சொல்லுங்கோ" என்றேன். மதுராவின் தகப்பன் மேசையில் தட்டினார். "பாத்தியளே, புத்தகத்தைப் பாக்காமலே சொல்லுறா. அனுபவமெண்டா இதுதான்!" நீயும் நிமிர்ந்து இருந்தாய். அப்போதுதான் மதுரா வெயிட்டரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டுவிட்டு என் காதோடு குனிந்தாள். "ஆன்ரி, அது மாட்டுக்கண்டு இறைச்சி. அம்மாவையும் அப்பாவையும் தெரியும்தானே, மாடு தொட மாட்டினம்."

நான் மட்டும் தொடுகிறவளா? அப்பா அது என்ன இறைச்சி என்று எனக்குச் சொல்லவேயில்லை. சொன்னால் குளிக்காமல் வீட்டுக்குள் விட மாட்டேன் என்று பயந்திருப்பார். மாடு தொடாத சம்பந்திக்கு முதல் விருந்திலேயே மாட்டுக்கண்டு ஓடர் குடுத்தவளாக நான் அந்தச் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் இருந்தேன். எழும்பவும் ஏலாது. மதுரா தலையை நிமிர்த்தி, "அப்பா, ஆன்ரி சொன்னது முடிஞ்சுதாம். மீனும் தக்காளிப் பாஸ்தாவும் நல்லதாம், அதையே எடுப்பம்" என்றாள். எல்லாருக்கும் அவளே சொல்லி முடித்தாள். பார் தம்பி, எங்கள் வீட்டுக்குள் கால் வைக்க முதலே அந்தப் பிள்ளை எங்களுக்காக ஒரு பொய் சொல்லிவிட்டது.

சாப்பாடு வந்தது. நல்ல சாப்பாடாகத்தான் இருந்திருக்கும். எனக்கு வாய்க்குள் போனதெல்லாம் பஞ்சு மாதிரி. மதுராவின் தகப்பன் கேட்டுக்கொண்டேயிருந்தார். கடை எந்தப் பக்கம், எத்தனை மேசை, எத்தனை பேர் வேலைக்கு நின்றவை. நீ ஒவ்வொன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாய். கிழக்குப் பக்கம், முப்பது மேசை, பதினாலு பேர். எனக்கு அப்பாவின் செத்தவீடு ஞாபகம் வந்தது. ஜோசெஃப் என்று ஒரு ஹெயிட்டிக்காரர் வந்தாரே, ஞாபகமிருக்கிறதா? அப்பாவோடு பத்தொன்பது வருஷமும் பக்கத்துத் தொட்டியில் நின்று கழுவினவர். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். மதுராவின் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆரென்று கேட்டதற்கு நீ "அப்பாட்ட வேலை செய்தவர்" என்று சொல்லி அவரைத் தோளில் பிடித்துக் கடைசி வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். தமிழில் சொன்னதால் அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் வெள்ளைச் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தேன். அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

சாப்பிட்டு முடிய மதுராவின் தாய் உதவி செய்கிறேன் என்று கோப்பைகளை ஒன்றுக்கு மேலே ஒன்றாக அடுக்கத் தொடங்கினா. என் கை என்னைக் கேளாமலே போய் அவவின் கையைப் பிடித்தது. "அடுக்காதேங்கோ, அடுக்காதேங்கோ. அடிப்பக்கமும் எண்ணெயாப் போகும். பேந்து கழுவுறவன் ரெண்டு பக்கமும் உரஞ்ச வேணும்."

உன் சப்பாத்து திரும்பவும் என் காலைத் தேடியது. "அவர் சொல்லுறவர்" என்றேன் நான்.

மதுராவின் தகப்பன் பெரிதாகச் சிரித்தார். "பாத்தியளே! முதலாளியா இருந்தும் கழுவுறவன்ர பாடு தெரிஞ்ச மனுசன்." சொல்லிவிட்டு ஏனோ தன் கையை ஒருக்கால் திருப்பிப் பார்த்தார். நீ அவரோடு சேர்ந்து சிரித்தாய். தம்பி, நீ சொன்ன பொய் எனக்கு வலிக்கவில்லை, அது என்னுடையது. முப்பது மேசை, பதினாலு பேர், அதுவும் வலிக்கவில்லை. அந்தச் சிரிப்புத்தான் வலித்தது. கழுவுகிறவனின் பாடு என்று அவர் சொன்னபோது அது வேறு ஆரோ ஒருவன் என்பது மாதிரி நீ சிரித்தாய்.

எனக்குப் பாத்ரூம் போகவேணும் போலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேசையை இழு என்று ஆரிடம் எந்தப் பாஷையில் சொல்வது? மதுராதான் கண்டுகொண்டு வெயிட்டரைக் கூப்பிட்டு மேசையை இழுக்க வைத்து என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கண்ணாடிக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"ஆன்ரி, ஒண்டு கேட்டா கோவிப்பியளோ?"

"கேள் பிள்ளை."

"கடை வைச்சிருந்த ஆளெண்டா சாப்பாட்டின்ர பேர் தெரியும். என்ன இறைச்சி எண்டும் தெரியும். உங்களுக்கு மிஞ்சிற எலும்பு மட்டும்தான் தெரிஞ்சிருந்தது. அங்கிள் கோப்பை கழுவினவரோ?"

நான் கை கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பினேன்.

"எங்கட அப்பாவும் வந்த புதுசில கழுவினவர் ஆன்ரி. அஞ்சு வருசம். அம்மா எனக்குக் களவாத்தான் சொன்னவ. அப்பா இண்டைக்கும் வாயே திறக்க மாட்டார்."

இதைவிடப் பெரிய கதவை ஒருவர் திறந்துவிட முடியுமா? நான் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "இல்லைப் பிள்ளை, அவர் முதலாளிதான்." அவள் "ஓம் ஆன்ரி" என்று சொல்லிவிட்டு, கை கழுவுவதற்கு எனக்குப் பைப்பைத் திறந்துவிட்டாள். அந்தப் பிள்ளை என்னைத் திருப்பிக் கிள்ளியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தங்கச்சியின் கல்யாணம் நடந்த அடுத்த வருஷம் இங்கே ஒரு கல்யாண வீட்டுக்கு அப்பாவும் நானும் போனோம். அங்கே நின்ற ஒருவர் "வாங்கோ முதலாளி" என்று அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா சிரித்தார். "முதலாளியெண்டா நல்ல சப்பாத்தெல்லோ போட வேணும்" என்று பகிடி விட்டார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசல் வாங்கில் கனநேரம் இருந்தார். ஆர் சொன்னது என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், சண்டையில் எல்லாம் வெளியே வந்திருக்கும். அவர் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து சனி ஞாயிறு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். கல்யாணம், சாமத்தியம், தேர், பள்ளிக்கூட விழா, ஒன்றுக்கும் வரவில்லை. "முதலாளிக்கு லீவில்லை" என்று சனத்துக்குச் சொல்லிச் சொல்லி நானும் நீயும் தனியே போனோம். உன் பட்டமளிப்புக்கு ஏன் வரவில்லை என்று ஒருக்கால் கேட்டாயே, இதுதான். அங்கேயும் தமிழ்ச்சனம் நிற்குமென்று வரவில்லை. நான் கட்டின பொய்க்குள் அந்த மனுசனைத் தனியே இருத்திவிட்டு நான் சீலை உடுத்துக்கொண்டு ஊர் சுற்றினேன். அவர் போன பிறகுதான் எனக்கு அது தெரிகிறது. இப்போது நான் அதற்குள் இருக்கிறேன், அவர் இல்லை. நாலு அறையும் சுவராகவே தெரிகிறது.

நீ கல்யாணம் முடிக்கப் போகிறவன். புத்தி சொல்ல எனக்குப் படிப்பில்லை, இதை மட்டும் சொல்கிறேன். மதுரா எல்லாம் தெரிந்துகொண்டு, தெரியாத மாதிரி உன்னோடு இருப்பாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை. பொருத்தமான இடத்தில் உனக்காகக் கதையை மாற்றுவாள், வெயிட்டரிடம் மாற்றின மாதிரி. வருஷக்கணக்கில் மாற்றுவாள். பிறகு ஒருநாள் வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் இருப்பாள், நீ ஏனென்று கேட்க மாட்டாய். நான் அதைப் பார்த்தவள். இன்னொருதரம் பார்க்க எனக்குச் சக்தியில்லை.

அதனால் கார்டுக்கு ஓம் போட மாட்டேன். அந்தச் சின்ன எழுத்தை எடு. அப்பாவின் பெயர் மட்டும் போதும், அது தனியே நிற்கும். மணவறையில் நான் நிற்க மாட்டேன், பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்கட்டும், அது முறை. ஆனால் ஜோசெஃப்புக்கு ஒரு கார்டு வேணும். அதை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் வந்தால் எனக்குப் பக்கத்தில், முன்வரிசையில் இருப்பார். ஆரென்று கேட்டால் நான் சொல்வேன். பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்றவர் என்று சொல்வேன்.

மதுராவை ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். "வாறன் ஆன்ரி" என்றாள், ஏனென்று கேட்கவில்லை. நீ பதினொரு மணிக்கு வா. வந்து நீயே அவளுக்குச் சொன்னால் நான் குசினிக்குள் நிற்பேன், ஒரு சொல்லும் கதைக்க மாட்டேன். நீ வராவிட்டால் நான் சொல்வேன். அன்றைக்குக் கண்ணாடிக்கு முன்னால் அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

என் எழுத்து உனக்கு விளங்காது என்று தெரியும். அதைப் போனில் படம் பிடித்துப் பிரெஞ்சுக்கு மாற்றிப் பார்க்காதே, அது வேறு ஏதாவது சொல்லும். மதுரா ரொறொன்ரோவில் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கவும் வேண்டாம். வாசிக்கக் கஷ்டமாயிருந்தால் இந்தத் தாளை அவள் கையில் கொடு, முதல் வரியிலிருந்து அவளே உனக்கு வாசித்துச் சொல்லட்டும்.

அம்மா